பனியிலும் ரவையிலும் எழுதிப் பழகலாம்: குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளின் முதல் எழுத்து – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு டே கெயாரில் வேலை செய்கிறேன். இரண்டரை வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வயது வரையான பிள்ளைகள் என் அறையில். மார்கழி பிறந்துவிட்டால், பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப் போக வரும் தமிழ்ப் பெற்றோர் பிள்ளைக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டே கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பிள்ளைக்கு அந்தக் கனத்த உடுப்புக்குள் வேர்த்துவிடும், அழும், கிளம்பிவிடுவார்கள். வாசலில் பாதியில் விட்ட பதில்களைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

மகனுக்கு மூன்றரை வயது. பென்சிலைத் தொடவே மாட்டேன் என்கிறான். செப்டெம்பரில் பள்ளிக்கூடம். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் நாலு வயது நிறைகிற ஆண்டின் செப்டெம்பரிலேயே பாலர் வகுப்புத் தொடங்கிவிடுகிறது. மார்கழியில் பிறந்த பிள்ளை மூன்றே முக்கால் வயதில் போய் உட்காரும். அந்த வயதுக் கைக்குப் பென்சில் இன்னும் பாரம்தான். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், கடைசி எலும்பு இறுகப் பத்து வயது போல் ஆகிவிடும்.

பிள்ளை முதலில் கிரயோனை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும். பிறகு விரல்கள் கீழ்நோக்கியபடி பிடிக்கும். மூன்று விரல் பிடி மூன்றரை, நாலில் மெல்ல எட்டிப் பார்க்கும், விரல் நுனி மட்டும் அசைந்து எழுதுவது ஐந்து வயதை ஒட்டி. கோடுகளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் மேலிருந்து கீழ்க் கோடு, பிறகு படுகோடு, மூன்று வயதளவில் வட்டம், நாலில் கூட்டல் குறி, அதன் பிறகு சதுரம். சரிவுக் கோடும் முக்கோணமும் கடைசி. வட்டம் மூட வராத பிள்ளையிடம் ‘அ’ கேட்டால் என்ன செய்யும்? பென்சிலைத் தள்ளிவிடும். உங்கள் மகன் செய்வது அதுதான்.

சரி, அதற்கும் பனிக்கும் என்ன தொடர்பு?

பனி ஒரு பெரிய சிலேட். விரலோ கம்போ போன வழி தெரியும், பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு, பழையபடி வெள்ளை. பேப்பரில் பிழைத்தது பேப்பரிலேயே கிடக்கும், பிள்ளைக்கு அது பிடிக்காது. பனிக்கு இன்னொரு குணமும் உண்டு: விரலைக் கொஞ்சம் எதிர்க்கும். அந்த எதிர்ப்பும் குளிரும் சேர்ந்து, கை எந்தப் பக்கம் போனது என்று பிள்ளைக்கு உணர்த்தும். வழுவழுத் திரையில் விரலை இழுக்கும்போது இது கிடைப்பதில்லை.

இது கனடாக்காரன் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. ஆன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789 இல் சென்னையில் ஓர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் குதிரையில் போகும்போது, நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியிலும் நடத்தி, 1797 இல் இலண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதன் பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆகக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணல் பரப்பிய மேசைகள் வந்தன. ஆக, இன்று டே கெயாரில் நான் எழுதிப் பழக ரவை தூவிய தட்டத்தை எடுத்து வைக்கும்போது சில அம்மம்மாமார், ‘இது எங்கட மண்ணெழுத்து’ என்று சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

புள்ளிக் கோட்டின் மேல் எழுதும் வேர்க்‌ஷீட் போதாதா? கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறதே.

எனக்கு அவற்றில் பெரிய மதிப்பில்லை. 2012 இல் கரின் ஜேம்ஸ், லோரா ஏங்கல்ஹார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில எழுத்துகளைப் பிள்ளைகள் பார்த்துத் தாமாக எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளியின் மேல் இழுத்தார்கள், சிலவற்றைத் தட்டச்சுச் செய்தார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, வாசிப்புக்கு உதவும் பகுதிகள் தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் நன்றாக விழித்தன. கோணல்மாணலாக எழுதுவதே பாடம். புள்ளிக் கோட்டில் பிள்ளை புள்ளியைத்தான் பார்க்கிறது, எழுத்தைப் பார்ப்பதில்லை.

எழுதும் தட்டத்தை வீட்டில் எப்படிச் செய்வது? உப்புத்தான் வேண்டுமா?

ஓரம் கொஞ்சம் உயர்ந்த தட்டம் ஒன்று போதும். நான் வீட்டில் வைத்திருப்பது பழைய பேக்கிங் தட்டு. அடியில் கடும் நீலப் பேப்பரை வெட்டி ஒட்டினேன். விரல் போன இடத்தில் நீலம் தெரியும், மற்ற இடமெல்லாம் வெள்ளை. மேலே தூவுவது ஒரு விரல் நகத்தின் பாதி உயரத்துக்கு இருக்கட்டும். நிறையக் கொட்டினால் கோடு தானாகச் சரிந்து மூடிக்கொள்ளும், பிள்ளைக்கு எரிச்சல் வரும்.

இனி, உப்பு. இணையத்தில் எல்லோரும் உப்பு என்றுதான் சொல்வார்கள். நானும் முதல் வருஷம் உப்பைத்தான் கொட்டினேன். தை மாதம், ஹீட்டர் இரவு பகலாக ஓடுகிற காலம். ஒரு பிள்ளை விரலை வைத்தாள், வைத்த வேகத்தில் வீரிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தால் விரல் மொளிகளில் எல்லாம் மெல்லிய வெடிப்பு. குளிர்காலக் கை, அதில் உப்பு. அன்றோடு உப்புத் தட்டத்தைக் குளிர்காலத்தில் நிறுத்திவிட்டேன்.

இப்போது ரவைதான். வறுக்காத வெள்ளை ரவை பனித்தூள் போலவே இருக்கும், எரியாது, உதறினால் போய்விடும். அரிசிமாவும் நல்லது, ஆனால் தும்மல் வந்தால் முடிந்தது கதை. சீனி வேண்டாம், ஏனென்று உங்களுக்கே தெரியும். கோதுமை ஒவ்வாமையோ சீலியாக் நோயோ உள்ள பிள்ளைக்கு ரவை கூடாது, அரிசிக் குருணை பாவியுங்கள். எதுவானாலும் தொடங்கமுன் கையில் கொஞ்சம் வாஸலின் பூசி ஊற விட்டுத் துடைத்துவிடுங்கள்.

உப்பை அடியோடு தள்ளிவைக்கவும் தேவையில்லை. தடித்த நீல அட்டையில் வெள்ளைப் பசையால் பெரிய எழுத்தாக எழுதி, மேலே உப்பைத் தூவி, ஒரு இரவு காயவிட்டு, மிச்சத்தை உதறுங்கள். உறைபனி பிடித்த மாதிரி மினுங்கும் சொரசொரப்பு எழுத்து கிடைக்கும். பிள்ளை எழுதும் திசையிலேயே இரண்டு விரலால் தடவட்டும், பிறகு பக்கத்தில் இருக்கும் ரவையில் எழுதட்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி உப்புத்தாளில் (மரம் தேய்க்கும் சொரசொரப்புத் தாள்) வெட்டிய எழுத்துகளால் செய்தது இதைத்தான். அவரும் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர்.

சாப்பாட்டுச் சாமானில் விளையாட விடுவது சரியா? மாமி ஏசுகிறார்.

மாமி சொல்வதில் பிழையில்லை. எங்கள் டே கெயாரிலும் சில பெற்றோர் இதைச் சொன்னார்கள், பட்டினி பார்த்து வந்த குடும்பங்கள் அவர்களுக்குள் இருந்தன. அதனால் நான் பூச்சி விழுந்த ரவை, காலம் கடந்த அரிசி இவற்றைத்தான் எடுப்பேன். ஒரே ரவையைச் சாடியில் மூடி வைத்து ஒரு குளிர்காலம் முழுக்கப் பாவிக்கலாம். அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் கோடையிலேயே விளையாட்டு மணல் ஒரு பை வாங்கி வையுங்கள். மாமியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பிள்ளைக்கு முதல் எழுத்தை எழுதுவிக்கும் சடங்கில், ஏடு தொடக்கும்போது, விரலை எதில் வைத்து எழுதினோம் என்று. அனேகமாகத் தட்டத்தை அவரே எடுத்து வருவார்.

வெளியே கொட்டிக் கிடக்கும் உண்மையான பனியில் என்ன செய்யலாம்?

எனக்குப் பிடித்த கேள்வி.

முதலாவது, கால். பிள்ளையின் சப்பாத்துத் தடத்தாலேயே முற்றத்தில் எழுத்துப் போடுங்கள். நீங்கள் முன்னால் நடக்க, அது உங்கள் அடியில் அடி வைத்து வரட்டும். ‘ப’ என்றால் நேராக நட, திரும்பு, கொஞ்சம் நட, திரும்பு, மறுபடி மேலே போ. முடிந்ததும் மாடி யன்னலுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். தான் நடந்தது எழுத்தாகிக் கிடப்பதை மேலிருந்து பார்க்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எழுத்து விரலில் தொடங்குவதில்லை, தோளிலும் இடுப்பிலும் தொடங்குகிறது. பெரிய அசைவு வந்த பிறகுதான் சின்ன அசைவு படியும்.

இரண்டாவது, தெளிக்கும் போத்தல். பழைய போத்தலைக் கழுவி, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று துளி கேசரி நிறம் விடுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கடுங்குளிர் நாளில் வாய் உறைந்து அடைபடும். போத்தலின் விசையை அமுக்கி அமுக்கி விடுவது விரல்களுக்கு நல்ல உடற்பயிற்சி, பென்சில் பிடிக்கத் தேவையான அதே தசைகள்தான். ஒரு சங்கதி: நேற்றிரவு கொட்டிய பஞ்சுப் பனியில் தெளித்தால் நிறம் குழி தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும், எழுத்து நிற்காது. சவளால் தட்டி அமர்த்திய பனி, அல்லது வெயில் பட்டு ஈரமான பனிதான் தோது. சிவப்பு நிறம் வேண்டாம், ஜாக்கெட்டில் பட்டால் போகாது, வழியில் போகிறவர்களும் பயப்படுவார்கள்.

மூன்றாவது, பனியை வீட்டுக்குள் கொண்டுவருவது. முற்றத்தின் நடுவிலிருந்து, வீதி உப்பும் நாயும் படாத பனியாக ஒரு வாளி அள்ளிக் கோப்பை கழுவும் தொட்டியில் கொட்டுங்கள். அமர்த்தி வைத்தால் அரை மணித்தியாலம் தாக்குப் பிடிக்கும். முதலில் கையுறையோடு, பிறகு ஒரு விரல், பிறகு வெறுங்கை. பிள்ளையே கையை எடுத்துவிடும், நீங்கள் பிடித்து வைக்க வேண்டாம். குச்சி, கரண்டிக் காம்பு, பெயின்ற் பிரஷ் எல்லாம் பக்கத்தில் கிடக்கட்டும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை நிறத்தண்ணீரில் தோய்த்து ஒற்றுவது அமைதியான பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், அவ்வளவு சின்னக் குச்சியை மூன்று விரலால் பிடிக்காமல் வழியில்லை.

கடைசியாக, ஒரு சதமும் செலவில்லாதது: குசினி யன்னல். சோறு வேகும்போது கண்ணாடியில் ஆவி படியும். பிள்ளையை ஒரு கதிரையில் ஏற்றிப் பக்கத்தில் நில்லுங்கள். நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகப் பின்னுக்கு வளையும், எழுதுவதற்கு வேண்டிய வளைவு அது. ஆவியில் எழுதிய எழுத்து மெல்ல வழிந்து அழியும், பிள்ளை அதற்காகவே திரும்பத் திரும்ப எழுதும்.

எவ்வளவு குளிர் வரை வெளியே விடலாம்?

வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றுக் குளிரையும் (wind chill, காற்றும் சேர்ந்து தோல் உணரும் குளிர்) பாருங்கள். அது -28 க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். அந்த நாட்களில் பனியை வாளியில் உள்ளே கொண்டுவருவதோடு சரி. மற்ற நாட்களிலும் கையுறை நனைந்துவிட்டால் அன்றைய எழுத்து முடிந்தது.

பனிக்கட்டியால் எழுதலாமா?

எழுதலாம். நிறத்தண்ணீரை ஐஸ் தட்டில் ஊற்றி, பாதி உறைந்ததும் ஐஸ்பழக் குச்சியைச் செருகி வையுங்கள். மறுநாள் தடித்த பேப்பரில் அது உருகி உருகி எழுதும். ஃபிரீஸரில் இருந்து எடுத்த உடனே கொடுக்க வேண்டாம், ஈரக் கையில் ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நிமிடம் வெளியே வைத்து, மேலே பளபளப்பு வந்த பிறகு கொடுங்கள். ஐஸின் மேல் உப்புத் தூவிக் குழி விழுவதைக் காட்டும் விளையாட்டும் உண்டு, பார்க்க அழகு. ஆனால் உப்புச் சேர்ந்த ஐஸ் சாதாரண ஐஸைவிடக் கடுமையாகக் குளிரும், தோலைச் சுட்டுவிடும். கண்ணால் பார்க்கட்டும், கையால் பிடிக்கக் கூடாது.

செயற்கைப் பனி, தண்ணீரில் ஊதும் மணிகள் (water beads)?

செயற்கைப் பனிக்கு மூன்று கப் அப்பச்சோடாவும் அரைக் கப் வெள்ளைக் கண்டிஷனரும் பிசைந்தால் போதும். தொட்டால் குளிர்மையாக இருக்கும், பிடித்தால் உருண்டையாகும். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குத் தர வேண்டாம், கையில் வெடிப்பு இருந்தாலும் வேண்டாம்.

தண்ணீரில் ஊதும் மணிகளை நான் அறைக்குள் எடுப்பதே இல்லை. கடுகளவு மணியைப் பிள்ளை விழுங்கினால் அது குடலுக்குள் போய் ஊதி அடைத்துவிடும், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். பிள்ளைகள் இறந்தும் இருக்கிறார்கள். 2023 மார்கழியில் அமெரிக்காவின் பெரிய கடைகள் சிறுவர் விளையாட்டுக்கென்று அவற்றை விற்பதை நிறுத்தின. வீட்டில் ஒரு பைக்கற் கிடந்தால் இன்றே வீசுங்கள்.

தமிழில் எந்த எழுத்தோடு தொடங்குவது? ‘அ’ தானே முதல் எழுத்து?

சொல்லிக் கொடுக்க ‘அ’ முதல். கை எழுத ‘ட’ முதல்.

‘அ’வைக் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, அதைச் சுற்றி ஒரு வளைவு, ஒரு படுகோடு, ஒரு நிமிர்ந்த கோடு. மூன்று வயதுக் கைக்கு நாலு வேலை. ‘ட’வுக்கு இரண்டே வேலை: கீழே வா, வலப்பக்கம் போ. அதோடு மேலே ஒரு கோடு ஏறினால் ‘ப’. ‘ப’ வசப்பட்ட பிறகு ஒரு வளைவு சேர்த்து ‘ம’. இந்த மூன்றும், மேலே வைக்க ஒரு குற்றும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம் எல்லாம் வந்துவிடும். தை மாதம் ஊரில் பட்டம் ஏற்றும் காலம், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைப் பட்டங்களின் படத்தைக் காட்டிவிட்டு ரவையில் ‘பட்டம்’ எழுதினால் பிள்ளைக்கு அது சும்மா ஒரு சொல்லாக இருக்காது.

சுழி வரும் எழுத்துகளுக்குத் தனியாகப் பழக்கம் வேண்டும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழில் வளைவு அதிகம், பனியும் ரவையும் தமிழுக்கு இவ்வளவு பொருந்துவது இதனால்தான் என்று நினைக்கிறேன். விரல் எடுக்காமல் சுழித்து ஓடலாம், பென்சில் போல முனை குத்தி நிற்காது. நத்தை வீடு மாதிரி, சுருட்டி வைத்த கழுத்துச் சால்வை மாதிரி, சுழி மட்டும் ஒரு வாரம் போடட்டும். எழுத்து என்று சொல்லவே வேண்டாம்.

ஆங்கிலமும் தமிழும் ஒரே நேரத்தில் குழம்பாதா என்பார்கள். ஒரே நாளில் ஒரே தட்டத்தில் இரண்டையும் திணிக்காவிட்டால் குழம்பாது. பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதி உடுப்புக் கொழுவும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

என் மகளுக்குக் கையில் எதுவும் ஒட்டக் கூடாது. ரவையைக் கண்டால் அழுகிறாள்.

கட்டாயப்படுத்த வேண்டாம். சிப் வைத்த உறைப் பையில் தலைக்குப் பூசும் ஜெல்லும் நீல நிறமும் விட்டு, காற்றை வெளியேற்றி மூடி, விளிம்புகளை டேப்பால் அடைத்து யன்னலில் ஒட்டுங்கள். பைக்கு வெளியே விரலால் எழுதலாம், கையில் ஒன்றும் படாது. ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் குளிர்ச்சியும் கிடைக்கும். பிறகு பிரஷால் ரவையில். அதன் பிறகு விரலா என்பதை அவளே முடிவு செய்யட்டும். உடுப்பு, சாப்பாடு, சத்தம் எல்லாவற்றிலும் இதே சிரமம் இருந்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லி வையுங்கள்.

இடது கையால் எழுதுகிறான்.

எழுதட்டும்.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுகிறாள். கோளாறா?

ஆறு ஏழு வயது வரை சகஜம். கரண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கரண்டிதான், எழுத்து மட்டும் ஏன் அப்படி இல்லை என்பது பிள்ளைக்குப் புதிய சங்கதி. திருத்தாமல் பக்கத்தில் நீங்கள் சரியாக ஒன்று எழுதிவிட்டு விடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம் நிறைய. மூன்று நிமிடத்தில் எழும்பிப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். தட்டம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் தானே திரும்பி வரும். எழுத்தே எழுதாமல் ரவையில் கார் ஓட்டினாலும் ஓட்டட்டும், அந்தக் காரும் கோடுதான் போடுகிறது.

அப்போ பென்சில் எப்போது?

ரவையில் வட்டத்தை மூடி, கூட்டல் குறியும் போட வந்த பிறகு. அப்போதும் முழுப் பென்சில் வேண்டாம். கிரயோனை உடைத்துச் சுண்டு விரல் பாதி நீளத்துக்குக் கொடுங்கள். அவ்வளவு குட்டைத் துண்டைக் கை முழுக்கப் பொத்திப் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாக வந்துவிடும். புதுக் கிரயோன் பெட்டியை உடைக்க மனம் வராத அப்பாமார் சிலர் இருக்கிறார்கள். உடையுங்கள்.

தைப்பூசத்தன்று கோயிலில் ஏடு தொடக்கினோம். அதற்குப் பிறகு என்ன செய்வது?

நல்ல நாள் பார்த்தீர்கள். தைப்பூசம் இங்கே நடுக்குளிரில்தான் வரும், கனடாவில் தமிழ் மரபுத் திங்களும் தை என்பதால் எங்கள் டே கெயாரில் அந்த மாதம் அரிசித் தட்டத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கிறோம். சீனப் பிள்ளையும் சோமாலிப் பிள்ளையும் விரலால் ‘ட’ போடுவார்கள்.

ஏடு தொடக்கும் அன்று எழுதியது ஐயரின் கை, பிள்ளையின் விரல் அதில் பயணம் போனது, அவ்வளவுதான். அந்த அரிசியைப் பானையில் போட்டுவிடாமல், ஒரு பிடியையாவது தட்டத்தில் விட்டு வையுங்கள். என் மகள் மறுநாள் காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு, டே கெயாருக்குக் கிளம்பும் நேரத்தில் தட்டத்தைக் கேட்டாள். கொடுத்தேன். சுழியை மட்டும் போட்டுவிட்டு, ‘அ முடிஞ்சுது’ என்றாள். சரி என்றேன். மிச்சத்தை ஆவணி போலத்தான் போட்டாள்.